விளையாட்டுக்கு ஒரு கணக்கு நோட்டு

(தருமபுரியில் தலைமையாசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நடந்த பணியிடைப் பயிற்சியில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடற்கல்வி ஆசிரியரை மேடையேற்றினால் விசில் ஊதுவார், 'அட்டென்ஷன்' சொல்வார் என்று எதிர்பார்ப்பீர்கள். இன்று நான் பேச வந்திருப்பது வரவு செலவைப் பற்றி. பள்ளியில் விளையாட்டுக்கு வரும் பணம் எங்கே போகிறது, எங்கே போகாமல் நிற்கிறது என்பதைப் பற்றி. எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு மாணவி. அவளிடமிருந்தே தொடங்குகிறேன்.

பென்னாகரம் வட்டாரத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் அவள் பத்தாம் வகுப்பு படித்தாள். குறுவட்ட அளவிலான போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள். வெறுங்காலோடு ஓடினாள். கடைசி 200 மீட்டரில் பக்கத்தில் ஒருத்தி கூட இல்லை. அடுத்தது தருமபுரியில் வருவாய் மாவட்ட அளவிலான போட்டி. எங்கள் பள்ளியிலிருந்து 16 பிள்ளைகள் தகுதி பெற்றிருந்தார்கள். காலை 8 மணிக்குத் திடலில் பெயர் கொடுக்க வேண்டும். பேருந்து நிலையத்தில் பட்டியலை வைத்துக்கொண்டு நின்றேன். 11 பேர்தான் வந்தார்கள். வராத 5 பேரில் 4 பேர் பெண்கள். அந்த 800 மீட்டர் பிள்ளையும் வரவில்லை.

எனக்குக் கோபம். மறுநாள் வகுப்பிலேயே அவளை எழுப்பி நிற்க வைத்து, "உனக்கெல்லாம் வாய்ப்பு கொடுத்ததே தப்பு" என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து அவளுடைய அம்மா ரேஷன் கடை வாசலில் என்னைப் பார்த்தார்.

"சார், பஸ்ஸுக்குக் காசு இல்லன்னு அனுப்பாம இல்ல. விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பணும்னா ரோடு வரைக்கும் இருட்டுல நடக்கணும். நான் கூட வந்தா அன்னைக்குக் கூலி போயிடும். பொம்பளப் புள்ளைய ஒத்தையா எப்படி சார் அனுப்பறது? டீச்சரம்மா யாராச்சும் வர்றாங்களான்னு கேட்டேன். இல்லன்னா."

இது அன்றுவரை என் காதில் விழவே இல்லை. அந்த ஆண்டு எங்கள் பள்ளியில் புதிய கைப்பந்து இருந்தது, வலை இருந்தது, இரண்டு குண்டுகள் இருந்தன, வட்டு இருந்தது. வேண்டியதெல்லாம் வாங்கிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது இருட்டில் கூட வர ஒரு ஆள்.

அடுத்த ஆண்டு அவள் பள்ளியில் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அன்று ஓடியிருந்தால் படிப்பைத் தொடர்ந்திருப்பாளா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பள்ளிக்கு வருவதற்கு அவளுக்கு இருந்த காரணங்களில் ஒன்றை நானே எடுத்துவிட்டேன் என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

ஒரு பிள்ளைக்கு எவ்வளவு?

அந்த ஆண்டுதான் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். விளையாட்டுக்காகச் செலவாகும் ஒவ்வொரு ரூபாயையும் எழுதத் தொடங்கினேன். அரசுப் பதிவேடுகள் தனியே இருக்கின்றன. இது நான் புரிந்துகொள்வதற்காக எழுதியது.

முதலில் வரவைப் பார்ப்போம். 2018-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி, விளையாட்டு மானியம் ஆண்டுக்குத் தொடக்கப்பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைப்பள்ளிக்கு 10,000 ரூபாய், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரை. இது பெரும்பாலும் உபகரணங்களுக்கான தொகை.

இதைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 600 பேர் படிக்கும் மேல்நிலைப் பள்ளியில் 25,000 ரூபாய் என்றால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 41 ரூபாய் 67 காசு. 50 பேர் படிக்கும் தொடக்கப்பள்ளியில் 5,000 ரூபாய் என்றால் ஒரு பிள்ளைக்கு 100 ரூபாய். 30 பேர் படிக்கும் மலைக்கிராமத் தொடக்கப்பள்ளியில் 166 ரூபாய்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "எங்களுக்கு உடற்கல்வி ஆசிரியரே கிடையாது, எங்களுக்கு எதற்கு விளையாட்டு" என்று சிலர் சொல்கிறீர்கள். ஒரு பிள்ளைக்கு என்று கணக்குப் போட்டால் எங்களைவிட உங்களிடம்தான் அதிகம் இருக்கிறது. ஸ்கிப்பிங் கயிறு, வளையம், சின்னப் பந்து என்று வாங்கினால் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஏதோ ஒன்று இருக்கும். ஆறாம் வகுப்பில் எங்களிடம் வரும்போது ஓடவும், தாண்டவும், எறியவும் தெரிந்த பிள்ளையாக வந்தால் எங்கள் வேலையில் பாதி முடிந்தது.

பீரோவுக்குள் இருக்கும் பந்து

அடுத்தது செலவு. முதல் ஆண்டு நோட்டைப் படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ஏறக்குறைய முழுத் தொகையும் பொருளுக்குப் போயிருந்தது. அந்தப் பொருளில் பாதி பீரோவுக்குள் பூட்டியிருந்தது.

ஏன் பூட்டினேன்? இருப்புப் பதிவேட்டில் 6 பந்து என்று எழுதியிருக்கிறோம். கிழிந்துபோனால் தணிக்கையில் என்ன சொல்வது? இந்தப் பயம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் பந்து தேய்வதற்காகவே வாங்கப்படும் பொருள். கருங்கல் சில்லு நிறைந்த நம் மாவட்டத்துத் தரையில் அது சீக்கிரமே தேயும். தேய்ந்ததைத் தேய்ந்தது என்று தேதியிட்டு எழுதி, தலைமையாசிரியரின் கையொப்பம் பெற்று, முறைப்படி இருப்பிலிருந்து கழித்துவிடலாம். கிழிந்த பந்துக்கு விளக்கம் எழுத ஒரு நிமிடம் போதும். மூன்று ஆண்டுகள் புத்தம் புதிதாக இருக்கும் பந்துக்குத்தான் என்ன விளக்கம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சில தேவைகளுக்குப் பணமே வேண்டாம். எடுத்துக்காட்டாக ஓடுதளம். 88 மீட்டர் நீளமும் 48 மீட்டர் அகலமும் உள்ள சமதளம் இருந்தால், நான்கு தடங்களுடன் 200 மீட்டர் ஓடுதளம் போடலாம். நேர்ப்பகுதி இரண்டும் 40 மீட்டர். இரு முனைகளிலும் 18 மீட்டர் 90 சென்டிமீட்டர் ஆரத்தில் அரைவட்டம். சுண்ணாம்புக் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் வெளியே பிள்ளை ஓடுவதாகக் கொண்டால் ஒரு சுற்று சரியாக 200 மீட்டர் வரும். தடத்தின் அகலம் 1.22 மீட்டர். ஒரு சுற்று முழுவதும் அவரவர் தடத்திலேயே ஓடுவதானால், ஒவ்வொரு வெளித்தடத்தின் தொடக்கக் கோட்டையும் உள்தடத்தைவிட 7.67 மீட்டர் முன்னால் போட வேண்டும்.

இதைக் கணித ஆசிரியரோடு சேர்ந்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் போட்டோம். ஒரு முளைக்குச்சி, நூல் கயிறு, அளவு நாடா, ஒரு மூட்டைச் சுண்ணாம்பு. வட்டத்தின் சுற்றளவை அந்தப் பிள்ளைகள் இனி மறக்க மாட்டார்கள். "7.67 எங்கிருந்து சார் வந்தது?" என்று ஒருவன் கேட்டான். அவனையே கண்டுபிடிக்கச் சொன்னோம். 1.22-ஐ இரண்டு பையால் பெருக்கிக் கொண்டுவந்து காட்டினான்.

ஓடும் நாளில் பசி

நோட்டில் மூன்று பத்திகள் போட்டிருந்தேன்: பொருள், பயணம், சாப்பாடு. இரண்டாவதும் மூன்றாவதும் முதல் ஆண்டு கிட்டத்தட்ட காலியாக இருந்தன. அங்கே செலவு இல்லாமல் இல்லை. அதை நான் எழுதவில்லை. பிள்ளைகளின் வீடு கொடுத்தது, அல்லது என் சட்டைப்பை கொடுத்தது, அல்லது யாரும் கொடுக்காமல் பிள்ளை வீட்டிலேயே நின்றது.

பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கு இலவசப் பேருந்து அட்டை இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அட்டை வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான வழித்தடத்துக்குத்தான். விடிகாலையில் வரும் முதல் வண்டி எப்போதும் டவுன் பஸ்ஸாக இருப்பதில்லை. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப்பகுதிகளில் இருந்து வரும் பிள்ளைகள் முதல் நாளே கீழே இறங்கி, உறவினர் வீட்டில் தங்க வேண்டியிருக்கும்.

சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு வந்தால் மதியம் சத்துணவு உண்டு. போட்டிக்குப் போனால் அந்த வேளை இல்லை. ஆண்டு முழுவதும் மதியம் சாப்பிடும் பிள்ளை, உடம்பை அதிகமாக வருத்தும் அந்த ஒரு நாளில் மட்டும் சாப்பிடாமல் நிற்கிறாள். காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் ஒரு பொட்டலம் புளிசாதம் இருந்தால் உண்டு. மாலை 4 மணிக்கு 1500 மீட்டர் இறுதிப் போட்டி. தோற்றுவிட்டு வந்தால், 'பயிற்சி போதவில்லை' என்று நாம் எழுதிவிடுகிறோம்.

எங்கள் நோட்டின்படி ஒரு பிள்ளையை ஒரு நாள் மாவட்டப் போட்டிக்கு அழைத்துப் போய்வர, பேருந்து, இரண்டு வேளைச் சாப்பாடு, வாழைப்பழம், தண்ணீர் எல்லாம் சேர்த்து 200 ரூபாய்க்குள்தான் ஆனது.

இந்த 200 ரூபாயை ஒரு பெரிய தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நம் பக்கத்து மாவட்டமான சேலத்தில் பெரியவடகம்பட்டி என்னும் கிராமம் இருக்கிறது. காய்கறி விற்ற தாயின் மகன் மாரியப்பன் தங்கவேலு அங்கிருந்து போய், 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். தமிழக அரசு 2 கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. நமக்கெல்லாம் பெருமை. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாநில அளவில் தனிநபர் பிரிவில் முதலிடம் பெற்றால் 1 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. இவை எல்லாம் வென்ற பிறகு வருபவை. அதுவரை பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த 200 ரூபாய்தான். அதைக் கொடுக்கும் இடம் பள்ளி. வேறு யாருக்கும் அந்தப் பிள்ளையின் பெயர்கூடத் தெரியாது.

சட்டைப்பை செய்யும் தவறு

உடற்கல்வி ஆசிரியர்கள் பலர் சொந்தப் பணத்தைக் கொடுத்துத்தான் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். நானும் கொடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இன்று யோசித்தால் அப்படிக் கொடுத்ததைவிட, அதை எழுதாமல் கொடுத்ததுதான் தவறு.

எழுதாவிட்டால் என்ன ஆகும்? பள்ளியின் கணக்கில் பயணச் செலவு பூஜ்யம் என்று இருக்கும். தலைமையாசிரியர் பார்ப்பார், செலவே இல்லையே என்று நினைப்பார். நான் மாறுதலாகிப் போவேன். அடுத்து வருபவருக்கு வீட்டில் வேறு கஷ்டம் இருக்கும், அவரால் கொடுக்க முடியாது. 'பழைய சார் இருந்தவரை பிள்ளைகள் போனார்கள், இவர் சரியில்லை' என்று ஊர் பேசும். எழுதாமல் விட்ட செலவுக்காக அடுத்தவர் பழி சுமப்பார்.

ஆகவே சொந்தப் பணம் கொடுத்தாலும் 'நன்கொடை' என்று எழுதுங்கள். ரசீது வையுங்கள். ஆண்டு இறுதியில் கூட்டிப் பாருங்கள்.

அமெரிக்காவில் ஒரு சட்டம் இருக்கிறது. 1972-இல், அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் வேறுபாடு காட்டக் கூடாது என்று 'டைட்டில் ஒன்பது' வந்தது. அதன்படி விளையாட்டில் வாய்ப்பு மட்டுமல்ல, உபகரணம், பயிற்சி நேரம், பயணப்படி ஆகியவையும் பெண்களுக்கு நியாயமாகக் கிடைக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். பிறகு 1994-இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். மைய அரசின் மாணவர் உதவித் திட்டங்களில் பங்கு பெற்று, ஆண் பெண் இருபாலரையும் சேர்த்து, கல்லூரிகளுக்கிடையே ஆடும் அணிகளும் வைத்திருக்கும் எந்தக் கல்லூரியும் ஆண்டுதோறும் விளையாட்டுக் கணக்கை வெளியிட வேண்டும். எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் விளையாடினார்கள், வரவு எவ்வளவு, இரு பாலருக்கும் செலவு எவ்வளவு என்று யார் கேட்டாலும் காட்ட வேண்டும். பெரிய பல்கலைக்கழகம் முதல் ஊர்ப்புறத்தில் இருக்கும் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரி வரை இது பொருந்தும்.

அவர்களுடைய பணத்தோடு நம்மை ஒப்பிட முடியாது. ஆனால் ஆண், பெண் என்று பிரித்து எழுதும் பழக்கத்துக்குப் பணம் வேண்டாம். நானும் நோட்டில் கோடு கிழித்துப் பிரித்தேன். 'எங்கள் பள்ளியில் எல்லாரும் சமம்' என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவன் நான். கூட்டிப் பார்த்தால், மூன்று ரூபாய் செலவில் இரண்டு ரூபாய்க்கு மேல் பையன்களுக்குப் போயிருந்தது. கிரிக்கெட், கைப்பந்து என்று அவர்கள் வந்து கேட்டார்கள், நான் கொடுத்தேன். பெண்கள் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை.

கூட்டத்தில் படித்தோம்

மூன்றாவது ஆண்டு தலைமையாசிரியரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "இதை நம்ம ரெண்டு பேரும் பார்த்து என்ன பிரயோஜனம் சார்? எஸ்.எம்.சி. கூட்டத்துல படிங்க."

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள் என்பது கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் விதி. எனவே அன்று என் எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் தாய்மார்கள். வராத ஐந்து பிள்ளைகளைப் பற்றிப் படித்தேன், பெயர் சொல்லவில்லை. கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, "கூட ஒரு டீச்சர் போனா எம் பொண்ணையும் அனுப்பறேன்" என்றார். இன்னொருவர், "நாங்க ரெண்டு பேரு மாத்தி மாத்திப் போறோம், பஸ்ஸு மட்டும் பார்த்துக்குங்க" என்றார்.

அன்று தீர்மானம் எழுதினோம். மாவட்டப் போட்டிக்கு மாணவிகள் போகும்போது ஓர் ஆசிரியையும் ஒரு தாயும் உடன் செல்வது. பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் தனி நிதி திரட்டுவது. செலவை அடுத்த கூட்டத்தில் படிப்பது. முன்னாள் மாணவர்களிடம், "விளையாட்டுக்கு ஏதாவது உதவி செய்யுங்கள்" என்று கேட்பதை விட்டுவிட்டு, "ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் 200 ரூபாய்" என்று கேட்டோம். லாரி ஓட்டும் ஒருவர் ஐந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பேருந்து நிலையத்துக்கு அருகில் டிபன் கடை வைத்திருப்பவர் காலைச் சாப்பாட்டை ஏற்றுக்கொண்டார். பெரிய தொகை தர முடிந்தவர்களுக்கு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழி இருக்கிறது. சிறிய தொகை தர நினைப்பவர்களும் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதற்கு என்று தெளிவாகச் சொன்னால் கொடுக்கிறார்கள், கொடுத்தது எங்கே போனது என்று சொன்னால் மறுபடியும் கொடுக்கிறார்கள்.

ஓர் ஆசிரியை உடன் போவதற்கும் விலை உண்டு. அவருடைய பாடவேளைகளை மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் பள்ளியில் தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் பகிர்ந்துகொண்டார்கள். விளையாட்டு வேளையை நீங்கள் கடன் வாங்கிய நாட்கள் நிறைய உண்டு என்பது இங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும். வட்டி வேண்டாம். போட்டி நாளில் ஒரு வேளையைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

அந்த ஆண்டு தகுதி பெற்றவர்கள் 14 பேர். 14 பேரும் பேருந்து ஏறினார்கள். பதக்கம் எத்தனை என்று கேட்பீர்கள். இரண்டு. முந்தைய ஆண்டும் இரண்டுதான். நோட்டு எழுதினால் பதக்கம் கூடும் என்று நான் சொல்ல வரவில்லை. பேருந்து நிலையத்தில் பட்டியலை வாசித்தபோது எல்லாப் பெயருக்கும் "ஐயா" என்று குரல் வந்தது. எனக்கு அன்று அது போதுமாக இருந்தது.

நாளைக் காலை

விடைபெறும் முன் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, நாளைக் காலை ஒரு நோட்டு வாங்குங்கள். பொருள், பயணம், சாப்பாடு என்று மூன்று பத்தி, ஒவ்வொன்றிலும் ஆண், பெண் என்று இரண்டு பிரிவு. தொடக்கப்பள்ளியாக இருந்தாலும் எழுதுங்கள்.

இரண்டு, போட்டிக்கு வராத பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பதற்கு முன் அந்த வீட்டுக்கு ஒரு முறை போய் வாருங்கள். நான் ஒரு வாரம் தாமதமாக, அதுவும் ரேஷன் கடை வாசலில், தெரிந்துகொண்டேன். நீங்கள் போட்டிக்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.

மூன்று, ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்த நோட்டைப் பெற்றோர் முன் உரக்கப் படியுங்கள். குறைவாகச் செலவு செய்திருந்தாலும் படியுங்கள். தவறாகச் செலவு செய்திருந்தாலும் படியுங்கள். நான் இரண்டையும் படித்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. "அடுத்த தடவை எங்ககிட்ட முன்னாடியே சொல்லுங்க சார்" என்றுதான் சொன்னார்கள்.

அந்த 800 மீட்டர் பிள்ளைக்கு இப்போது திருமணமாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அன்று வகுப்பில் நான் சொன்ன சொல்லுக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்க வாய்ப்பு கிடைக்கவில்லை. என் நோட்டின் முதல் பக்கத்தில் அந்தப் போட்டியின் தேதியை எழுதி வைத்திருக்கிறேன். செலவுப் பத்தியில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் புது நோட்டு தொடங்கும்போது அந்தப் பக்கத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.